ஸ்பேம் ஃபில்டர்

சிங்கப்பூர் செங்காங் வீட்டில் அற்புதராஜ் தானே நடத்திவந்த மெயில் சர்வருக்கு நேற்றிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை.

"ஸ்பேம் ஃபில்டரோட கனெக்‌ஷன் கிடைக்கல. அதான் எல்லாம் வெளியிலயே நிக்குது," என்றார் மனைவி பிரிஜட்டிடம்.

"ஜோவன்னா மெயிலும் நிக்குதோ என்னவோ! நம்ம போன் நம்பரெல்லாம் மாத்தின பிறகு அவளுக்கு என் மெயில் மட்டும்தானே தெரியும்?"

காதலித்தவனை மணந்து மெல்பர்னுக்குப் போன மகளுக்கு பிரிஜட் வாரம் தவறாமல் எழுதுவாள். பதிலே வந்ததில்லை.

"பேசாம அந்த ஃபில்டர எடுத்துடுங்க லா!"

"எடுத்தா குப்பையெல்லாம் உள்ள வந்துடும். பொறு."

நேற்று சர்வரில் செய்த அப்டேட்டுக்குப் பிறகு ஃபில்டரின் இணைப்புக்கான போர்ட் எண் மாறியிருந்தது. அதைத் திருத்தியதும் காத்திருந்த மெயில்கள் வரிசையாக வந்தன.

"ஜோவன்னா?"

அற்புதராஜ் தான் மட்டுமே பார்க்கக்கூடிய ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். மகளின் முகவரியை அவர்தான் ஃபில்டரின் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தார். அவள் இதுவரை போட்ட பதில்களெல்லாம் அங்கேதான் வந்து விழுந்தன. இன்று புதிதாக ஒன்று.

'அம்மா, நாளைக்கு எனக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. ஒரு தடவை கூப்பிடுங்கம்மா.' கீழே போன் நம்பர்.

அதை அழித்தார்.

"ஒண்ணும் வரல."

பிரிஜட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்நெஞ்சுக்காரி. இனிமே நானும் எழுத மாட்டேன்."