மங்கல்

மடிக்கணினியை மறுபடியும் அணைத்துப் போட்டான்.

திரை மங்கலாகவே எழுந்தது.

நல்ல உச்சிவெயில். ஜன்னல் திறந்திருந்தது. திரையில் எழுத்தைவிட அவன் முகம்தான் தெளிவாகத் தெரிந்தது. பிடிக்காமல் திரையைச் சாய்த்து வைத்தான்.

நேற்றுவரை அதில் சுபத்ரா இருந்தாள்.

திறந்தால் ஒரு வட்டத்துக்குள் அவள் முகம். கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டம். தன் பெயரைப் போட்டுப் பார்த்தான். கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்த்தான். அவள் பிறந்த ஊரை, அவள் அப்பாவின் பெயரை. எதற்கும் திறக்கவில்லை. டெங்குவில் படுத்தவள் எழவேயில்லை. கடவுச்சொல்லைப் பற்றி யார் கேட்டார்கள்?

இத்தனை வருடம் ஒரே அறையில் குடித்தனம். மனைவியின் ஒரு சொல் தெரியவில்லை.

அந்தக் கோபம்தான்.

பழைய ஆபீஸ் சிநேகிதன் ஜெபசீலன் பென் டிரைவில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்திருந்தான். செருகினான். வன்வட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடவா என்று கேட்டது. அழி என்றான். அவள் முகமும், அவள் உட்கார்ந்து பிழை திருத்திய புத்தகங்களும், அந்தச் சொல்லும் போயின.

அவள் இல்லாத பொருள் ஒன்றாவது இந்த வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தான்.

இப்போது இந்த மங்கல்.

முன்பும் இப்படித்தான் இருந்ததா? தெரியவில்லை. அவள் போனபிறகு இன்றுதான் ஜன்னலையே திறந்திருக்கிறான்.

சூரியன் படம் போட்ட பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. யாரோ எங்கோ எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு கட்டளையை அடித்தான். வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று அணைத்துப் போட்டால், பழையபடி.

ஒவ்வொரு முறையும் அதே அளவு. யாரோ விரலால் இறக்கி வைத்ததுபோல.

ஜெபசீலனைப் போனில் கூப்பிட்டான். அவன் சிரித்தான்.

"காலி பண்ணச் சொல்லியும் பழைய ஆளு உள்ளயே இருக்குபோல, மாப்ள."

சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினான். ஆன் செய்யும்போதே எஃப்2 பொத்தானைத் தட்டச் சொன்னான். பயாஸ் என்று ஒரு பக்கம் வரும், அது வட்டில் இல்லை, மதர்போர்டிலேயே இருக்கிறது, எதை அழித்தாலும் அது அழியாது என்றான்.

தட்டினான். நீலப் பக்கம் வந்தது. வெளிச்சத்துக்கென்று இரண்டு கோடுகள். ஒன்று மின்சாரத்தில் ஓடும்போது, இன்னொன்று பேட்டரியில் ஓடும்போது. இரண்டிலும் புள்ளி இடது ஓரத்தில், அதற்குமேல் குறைக்க இடமில்லாத இடத்தில் நின்றது.

கடையிலிருந்து வரும்போதே இப்படித்தான் வருமா என்று கேட்டான்.

"இல்லடா. புதுசுல முழுசா இருக்கும். யாராச்சும் உள்ள போயி கை வச்சாத்தான் குறையும்."

அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் இருந்தபோது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவான். சுவரைப் பார்த்துப் படுப்பான். அவன் முதுகுக்குப் பின்னால், அவள் தன் மேஜையில் வேலையைத் தொடங்குவாள். ஆன் செய்ததும் கம்பெனி முத்திரை பளீரென்று வரும். அந்த வெள்ளை எதிர்ச்சுவரில் அடித்து அவன் இமைக்குள் இறங்கும். விழித்துக்கொள்வான். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வான். அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. தனக்குத்தான் பழகிவிட்டது என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறான். மூக்கு திரையில் முட்டுகிறமாதிரி குனிந்திருப்பாள். உள்ளே விழுந்துவிடப் போகிறாய், ஒரு கண்ணாடி வாங்கிப் போடு என்று கிண்டல் செய்வான். ஒருமுறை கண் டாக்டரிடமும் போய்வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றான்.

"சரி, நீங்க தூங்குங்க" என்றாள்.

அம்புக்குறியை வலப்பக்கம் தட்டினான். புள்ளி நகர்ந்தது. இன்னொரு தட்டு. இன்னொன்று. நீலம் வெளுத்தது. மேஜையில் அவள் டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டக் கறை தெரிந்தது.

வெளியே வந்தான். மாற்றியதைச் சேமிக்கவா என்று கேட்டது.

வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேண்டாம் என்றான். அணைத்தான்.

எழுந்து ஜன்னலைச் சாத்தினான். திரைச்சீலையை இழுத்துவிட்டான். பாயை விரித்தான், சுவரோரம், பழைய இடத்தில். மேஜைக்கு எட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தான்.

முதுகுக்குப் பின்னால் மடிக்கணினியின் விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியது.

கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சுவரில் ஒன்றும் விழவில்லை.