வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மலைக்கோட்டையின் உச்சியில் கூரை விழாமல் மிஞ்சியிருப்பது ஒரே ஓர் அறை. கோட்டையை அளவெடுக்க வந்தவள் அதன் வாசலில் குந்தியிருக்கிறாள். காலை வெயில் நிலைக்கல்லில் சாய்ந்து விழுகிறது. 'அரசியின் ஓய்வறை' என்று எழுதிய பலகையைச் சுவரில் பதிக்க வந்த கொத்தனார், கலவை இறுகிவிடுமே என்ற கவலையில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, நிலைக்கல்லுல இந்தக் குழியப் பாருங்க. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்திருக்கு." அவர் குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார், உள்ளே போய் நிலையின் மறுபக்கத்தையும் தடவிவிட்டு வருகிறார். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா. ஓய்வெடுக்கிற அறைக்கு யாரு வெளிய தாழ்ப்பாள் வைப்பாங்க?" பலகையைச் சுவரோரம் கவிழ்த்து வைக்கிறார். "அதான் எனக்கும் புரியல. நான் உள்ள போறேன். வெளிய கிடக்கிற அந்தத் தகரத்த எடுத்து வாசல்ல சாத்துங்க." "நல்ல ஆளும்மா நீங்க," என்று முணுமுணுத்தபடி சாத்துகிறார். இருட்டு சட்டென்று கவிகிறது. வௌவால் நாற்றம் மூக்கில் ஏறுகிறது. எதிர்ச்சுவரில், அவள் தலைக்குச் சற்று மேலே, கையகலத் துவாரம் ஒன்றில் வெளிச்சம். அதன் நேர் கீழே தரைக்கல் இரண்டு இடங்களில் வழுவழுவென்று தேய்ந்து குழிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிகளில் பாதம் வைக்கிறாள். விரல்கள்தான் அடங்குகின்றன, குதிகாலுக்கு இடமில்லை. நுனிக்காலில் நின்றுதான் யாரோ கல்லைத் தேய்த்திருக்கிறார்கள். அவளும் எக்கிப் பார்க்கிறாள். துவாரம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது; வானம் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. மலையேறி வரும் பாதையின் ஒரே ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. "அம்மா, திறக்கட்டுமா?" "கொஞ்சம் இருங்கண்ணே," என்கிறாள், அந்த வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல்.