சிம்பல் அடங்கும்வரை

பாட்டின் கடைசி அடி விழுந்ததும், டிரம்ஸின் சிம்பல் தட்டு எழுப்பும் ஒலி தானாக அடங்கும்வரை ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரும் மூச்சுகூட விடக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்ட டிரம்மர் செழியனே, ஒலி பாதி அடங்குவதற்குள், "பின்னிட்டடா ராபின்!" என்று கத்தித் தொலைத்தான். கிடார் வாசித்த ராபின் குழுவை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. எதிரே கிடாரோடு நின்றவள் அவன் இடத்துக்கு வந்த மஹிமா.

பதினோரு முறை வாசித்ததில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். பாடகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். செழியனின் கால் மட்டும் பெடலே இல்லாத இடத்தை மிதித்துக்கொண்டிருந்தது. இவளும் போய்விட்டால் ஆல்பமும் இல்லை, குழுவும் இல்லை. இவள் தங்குவாளா என்று அவன் கேட்காத ஆள் இல்லை. எல்லோரும், "பாக்கலாம் மச்சான்" என்பதோடு சரி. அவளிடம் அவன் பேசியதெல்லாம், "ராபின் இங்க கொஞ்சம் இழுப்பான்மா" என்பதுதான்.

கடைசியில் அவளிடமே கேட்டான். "நீயும் போயிடுவியாம்மா?"

மஹிமா கிடாரைக் கழற்றவில்லை.

"போகலாம்னுதாண்ணா தோணுது. அவர மாதிரி வாசின்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும்."