குறிப்புக் கட்டம்

தமிழின் ஆகச்சிறந்த சொல் 'இயல்பு'தான் என்பது எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்பு அதிகாரி தெய்வசகாயத்தின் முடிவான கருத்து. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதுகிறவன் கதாசிரியன்.

பதினெட்டு வருடப் பழைய பதிவேடுகளைக் கிழிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பும்முன், ஓய்வுபெற்ற வால்வுக்காரர் அந்தோணி எழுதியதைத் தெய்வசகாயம் உரக்கப் படித்தார்.

"'இயல்பு. பதினாலாம் வால்வில் மைனா முட்டையிட்டிருக்கிறது.' முட்டைக்கு அழுத்தம் எவ்வளவாம்?"

எழுத்தர் ரஹ்மத் சிரித்தாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு அப்படியே நின்றார்.

"அதுல என்ன சார் போட்டிருக்கு?"

"இயல்புன்னு."

அதற்குப் பின்னால், 'தெய்வசகாயத்துக்குப் பெண் குழந்தை. வால்வடியில் உட்கார்ந்து லட்டு தின்றோம்' என்றிருந்தது.

"அப்ப மெஷின்ல போட்டுரவா சார்?"

அவர் அதைக் கொடுக்கவில்லை. அழிப்புப் பட்டியலின் குறிப்புக் கட்டத்தில் மெதுவாக எழுதினார்: 'இயல்பு. ஒரு பதிவேடு குறைகிறது. பெண் நேற்று கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்.'