இடது செருப்பின் ஓரம்

செருப்பு தைக்கிறவனுக்கு, கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தச் செருப்பை அடையாளம் தெரியும். அவன் அக்கா என்று கூப்பிடும் வாடிக்கைக்காரியின் வீட்டுக்காரர், வலிக்கிற இடது காலை ஒன்பது வருஷம் இழுத்து இழுத்து நடந்தவர். இடது செருப்பின் அடி மட்டும் ஓரமாகத் தேய்ந்துபோகும்.

“ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன். இவருக்கு எதுக்கு இந்த வலின்னு தினமும் சாமியை உண்டு இல்லைன்னு பண்றேன் தம்பி. வாயைத் திறக்க மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே அக்கா செருப்பை நீட்டுவாள்.

போன வருஷம் ஜோடிக்கும் புது அடி போட்டு வைத்திருந்தபோதுதான் அவர் தவறிப்போனார். எல்லாம் முடிந்த பிறகு அக்கா வந்து வாங்கிப்போனாள். தூக்கிப் போட மனசில்லாமல் வாசலிலேயே வைத்திருந்தாள்.

இன்று அதே ஜோடியோடு வந்தாள். அவன் திருப்பிப் பார்த்தான். இரண்டு அடியும் நன்றாகத் தேய்ந்திருந்தன, மயிரிழை வித்தியாசம் இல்லாமல்.

“யாருக்கா இதைப் போடுறாங்க?”

“வீட்ல நான் ஒருத்திதான். எனக்கு இது ஓடம் மாதிரி இருக்கும்.”

அவன் இரண்டையும் தரையில் சேர்த்து வைத்தான். எந்தப் பக்கமும் சாயவில்லை.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, நிறைந்த முகத்தோடு உட்கார்ந்தாள்.

“சாமிகிட்ட சண்டையை விட்டுட்டேன் தம்பி. இந்தத் தடவை கனமான அடியாப் போடு. மனுஷன் இப்பதான் நல்லா நடக்கிறாரு.”