அப்பா எழுதிய பரீட்சை

"சோதனைக்கு வர வேண்டியவர் வரலைன்னா, சொந்த அப்பாவையா கூட்டிட்டு வருவாங்க?" டீம் லீடர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வயசானவங்க ஒருத்தர் வேணும்னீங்க சார். இன்னிக்கே முடிவு பண்ணணும்னும் சொன்னீங்க," என்றாள் அவள்.

மருந்துச் சீட்டைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் படிக்கிற ஆப். இரண்டு விரலை வைத்து விரித்தால்தான் எழுத்து பெரிதாகும். கட்டைவிரல் எட்டும் இடத்தில் கூட்டல், கழித்தல் பட்டன் வைக்கலாம் என்று அவள் மூன்று மாதமாக மன்றாடுகிறாள். "திரையை அடைச்சுக்கும்" என்று அவர் மூன்று மாதமாக மறுக்கிறார்.

"வீட்டுல இவருக்குச் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார். நேத்து இந்த போன்ல இருக்கிற சோதனைச் சீட்டை நான் சத்தமா படிச்சு ஒத்திகை பார்த்தேன். அப்பா பக்கத்துல டிவி பார்த்துட்டிருந்தார், அவ்வளவுதான்."

டீம் லீடர் சோதனை போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார்.

சரியான சந்தேகப் பிராணி, என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். சலவைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத சிமெண்ட்.

"பரீட்சை யாருக்கு பாப்பா, உனக்கா எனக்கா?" என்று வரும் வழியெல்லாம் கேட்டிருந்தார்.

"எனக்குத்தான்பா" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தாள்.

சோதனை நடக்கும்போது அவள் பின்னால் உட்கார வேண்டும். வாயே திறக்கக் கூடாது.

"ஐயா, ரெண்டு விரலால விரிச்சு, என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அப்பா விரித்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி விரித்தார். ஒரு தடவை மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணீரென்று படித்தார்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பிறகு."

"நல்லா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது சார்! ஒரு கஷ்டமும் இல்ல. என் பொண்ணு செஞ்சதாச்சே!"

அவளுக்கு அழுகை முட்டியது. விரலால் விரிப்பது அவள் செய்ததே இல்லை. அவள் செய்த பட்டனை இனி யார் கேட்கப் போகிறார்கள்?

"போதும்யா, முடிவு பண்ணிட்டேன்." டீம் லீடர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய உதவி பண்ணீங்க."

லிஃப்ட் வரை கூடப் போனாள்.

"என்னால உனக்கு மார்க் ஒண்ணும் குறையலையே?"

"இல்லப்பா."

"அதானே!" அப்பா சிரித்தபடியே இறங்கிப் போனார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "சார், நான்தான் தப்பு. அப்பாவாலேயே முடியுதுன்னா பட்டன் எதுக்கு?"

"பட்டன் வைம்மா. நீ வரைஞ்சதைவிட இன்னும் கொஞ்சம் பெரிசாவே வை."

"சார்?"

அவர் போனை அவள் பக்கம் திருப்பினார். காய்த்துப்போன விரலுக்குத் திரை அசைந்தே கொடுக்கவில்லை. படம் ஒரு நூல்கூட வளராமல், எறும்பு எழுத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அது நேற்றைய சீட்டு இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் மாற்றி வைத்த வேறு சீட்டு. கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

'மேலே தடவ மட்டும். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.'

"ஐயோ... அப்பா..."

"அவர்கிட்ட சொல்லிடாதே," என்றார் டீம் லீடர். "பொண்ணைப் பாஸ் பண்ண வெச்சுட்டோம்னு சந்தோஷமா போறார். வெச்சுட்டாரே, அப்புறம் என்ன?"