வேம்புவின் பெயர்

நச்சுக்காற்று ஊர்களை அழித்த பிறகு, அநாதைப் பிள்ளைகளை மலைமேலிருந்த அந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டது. வெளியே ஒருவரும் உயிரோடில்லை என்று சொல்லி, எல்லோருக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். பழைய பெயரை உச்சரித்த பிள்ளைகள் வடக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை.

ஒரு காலை, பிரார்த்தனையின் நடுவே, இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு பெண் கூப்பிட்டாள்.

"வேம்பு! உள்ள இருக்கியாடி?"

பதினாறு வயது வேம்புவின் பிரார்த்தனை பாதியில் நின்றது. அது அவள் அம்மாவின் குரல். கூப்பிட்டது அவளுடைய பழைய பெயரை.

"மனுசக் குரல் இல்ல அது. நச்சுக்காத்து அடிச்சுச் செத்ததுங்க இப்படித்தான் கூப்பிடும்" என்றார் வார்டன் ரூபாவதி. "யாரோட பேரு? கையத் தூக்கு."

வேம்பு கையைத் தூக்கவில்லை. பக்கத்திலிருந்த தோழி சபூரா, "எனக்கு வெளிய யாருமில்ல. நீ ஓடிரு" என்று கிசுகிசுத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"என் பேருதான் மேடம்."

வார்டனும் ஆசிரியைகளும் சேர்ந்து சபூராவை வடக்கே இழுத்துப் போனார்கள். வேம்பு இரும்புக் கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். எலும்பும் தோலுமாக நின்ற அம்மா அவள் மணிக்கட்டைப் பற்றினாள். அந்தக் கை சூடாக இருந்தது.

"வாடி, ஓடிரலாம்!"

வடக்கிலிருந்து சபூராவின் அலறல் வந்தது. சட்டென்று நின்றது.

வேம்பு வடக்கே திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"இங்கயே இரும்மா. இன்னொருத்தி இருக்கா."

வடக்குக் கட்டடத்தின் கதவு இன்னும் மூடப்படவில்லை. அந்த இருட்டை நோக்கி அவள் ஓடினாள்.